கலிங்கக் கரையின் ஊர்வனவும் தவளைகளும்



கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில் வண்டி குர்தா ரோடு சந்திப்பைக் கடந்து தெற்கு நோக்கி வரும்போது, பாலுகான், ரம்பா என்னும் நிலையங்களின் அருகே, கிழக்குப் பக்கத்துச் சன்னல்களின் வழியே பெரியதொரு நீர்ப்பரப்புத் தோன்றும். அதுவே சிலிகா ஏரி. வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் தொழில் நிமித்தமாகக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் இந்த ஏரியைப் பார்த்தே செல்கின்றன. ஏரியில் மிதக்கும் படகுகளையும், குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைக் கூட்டங்களையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுகிறோம். ஆனால் அதே கரையின் சேற்றிலும் மணலிலும் வேர்களின் இடுக்கிலும் வாழும் தவளை, அரணை, பாம்பு, முதலை, ஆமை ஆகியவற்றை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றை நினைத்தாலே சிலருக்கு அச்சம்; சிலருக்கு அருவருப்பு. இன்றைய பேச்சு அந்த உயிர்களைப் பற்றியது.

வடக்கே சுவர்ணரேகையின் முகத்துவாரம் முதல் தெற்கே பாகுடா ஆற்றின் முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கிறது ஒடிசாவின் கடற்கரை. மகாநதி, பிராமணி, வைதரணி முதலிய பேராறுகள் இக்கரையில்தான் கடலோடு கலக்கின்றன. ஆற்று நீர் இனிப்பு. கடல் நீர் கரிப்பு. இவ்விரண்டும் கலக்கும் இடத்தில் உப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. வயல் ஓரத்தில் சிறிதும் இல்லை. ஏரியின் ஒரு கோடியில் கொஞ்சம் உண்டு. அலையாத்திக் காட்டின் கால்வாயில் மேலும் சற்று அதிகம். கடலில் முழுமையாக உண்டு. ஆக, உள்நாட்டிலிருந்து கடல்வரை உப்பினால் ஆன ஒரு படிக்கட்டு அமைந்திருப்பதாகக் கொள்ளலாம். இக்கரையின் உயிர்கள் அந்தப் படிக்கட்டில் ஒவ்வொன்றும் தனக்குரிய படியில் அமர்ந்திருக்கின்றன. எந்த உயிர் எந்தப் படியில் வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால், அக்கரையின் நலம் எதில் அடங்கியிருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

முதற்படி தவளைகளுக்கு உரியது. தவளையும் தேரையும் நீர்நில வாழ்வன என்னும் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றின் தோல் மெல்லியது. எப்போதும் ஈரமாக இருப்பது. நீரும் காற்றும் அதன் வழியே புகுந்து வெளியேறும். இந்தத் தோலே அவற்றின் வலிமை, இதுவே அவற்றின் பலவீனம். நம் வீட்டுச் சமையலறையில் மாங்காயைத் துண்டு போட்டு உப்பைத் தூவி வைத்தால், சிறிது நேரத்தில் நீர் விட்டுத் துண்டுகள் சுருங்கிப் போவதைக் காண்கிறோம். உப்பு நீரில் விழுந்த தவளையின் கதியும் ஏறத்தாழ அதுவே. உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டுவிடும். அதன் முட்டைக்கும் ஓடு கிடையாது. வழவழப்பான கூழ்தான் உறை. ஆதலால் கடற்கரை மாவட்டங்களிலும் பெரும்பாலான தவளைகள் மழைநீர் தேங்கும் வயலையும் குட்டையையும் விட்டு அகலுவதில்லை.

இவ்விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளை, உவர் நீரில் இறங்கி நண்டைப் பிடித்து உண்கிறது. தாய்லாந்தில் நடத்தப்பட்டு 1961ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி இதன் இரகசியத்தை விளக்கியது. சிறுநீருடன் கழிந்து போகவேண்டிய யூரியா என்னும் பொருளை இந்தத் தவளை தன் இரத்தத்திலேயே மிகுதியாகத் தேக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் வெளியே உள்ள உப்பு நீர் அதன் உடல் நீரை இழுத்துக்கொள்ள முடிவதில்லை. பெரும்பாலான தவளைகளுக்கு இந்த வித்தை கைவரவில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் ஒடிசாவின் கரையோர வயல்களில் முதல் மழை கொட்டியதும் பெருந்தவளைகள் வெளிவருகின்றன. ஆண் தவளை அந்நாட்களில் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை உப்பிக்கொண்டு கத்துகிறது. இந்தத் தவளை ஒரு காலத்தில் நம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பண்டம். அதன் கால்களை வெட்டி, பனிக்கட்டியில் வைத்து, மேல்நாட்டு உணவு விடுதிகளுக்குக் கப்பலேற்றினார்கள். வயலில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் நஞ்சு மருந்துச் செலவு ஏறும் என்று அறிஞர்கள் எடுத்துரைத்தனர். உயிருடன் இருக்கும் தவளைகளின் கால்களை வெட்டும் கொடுமையும் பலருடைய மனத்தை வருத்தியது. 1987ஆம் ஆண்டு இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது.

தவளையைப் பற்றிப் பேசும்போது ஒடிசாவின் அறிஞர் ஒருவரை நினைவுகூர வேண்டும். அவர் பெயர் சுசீல் குமார் தத்தா. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நீர்நில வாழ்வனவற்றின் பட்டியலை 1997ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் அவர். அதே ஆண்டில், அதுவரை பெயரிடப்படாதிருந்த வயல் தவளை இனம் ஒன்றுக்கு ஒடிசாவின் பெயரையே சூட்டி அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். பின்னர் 2006ஆம் ஆண்டில், உலகத் தேரை வகைகளை அறிஞர்கள் புதிதாகப் பிரித்து அமைத்தபோது, நம் வீட்டுக் கொல்லையில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து பூச்சி பிடிக்கும் சாதாரணத் தேரையின் பேரினத்துக்கு இவருடைய பெயரையே வைத்தார்கள். தஞ்சாவூர்த் தேரையும் கொல்கத்தாத் தேரையும் இன்று உலக ஏடுகளில் ஓர் ஒடிசா அறிஞரின் பெயரைத் தாங்கியே இடம்பெறுகின்றன.

அடுத்த படி சிலிகா ஏரி. மழைக்காலத்தில் ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தும் கோடையில் சுருங்கியும் காணப்படும் இந்த ஏரி, உண்மையில் கடலோடு வாய்க்கால் தொடர்புள்ள உப்பங்கழி. இதன் ஒரு பகுதியில் ஆற்று நீர் ஓங்கி நிற்கும். கடல்வாய்க்கு அருகே உப்பு ஓங்கும். இங்கே தவளை ஒதுங்கிக்கொள்ள, ஊர்வன முன்னே வருகின்றன. ஊர்வனவற்றுக்குச் செதிள் போர்த்த தடித்த தோல் உண்டு. முட்டைக்கு உறுதியான உறை உண்டு. ஆகவே உப்பு அவற்றை எளிதில் வாட்டுவதில்லை.

சிலிகாவின் சேற்றில் நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு வாழ்கிறது. கண்கள் மேல்நோக்கி அமைந்த இந்தப் பாம்பு மீனைத் தின்று வாழ்வது. முட்டையிடாமல் குட்டி போடுவது. மீனவர் வலையில் அடிக்கடி சிக்குகிறது. இதனால் மனிதருக்கு உயிராபத்து இல்லை என்பதை அறிந்த மீனவர்கள் கையால் எடுத்து வெளியே எறிந்துவிடுவர்.

ஏரியின் நடுவே பர்குடா என்று ஒரு சிறு தீவு உள்ளது. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916ஆம் ஆண்டு நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்த நெல்சன் அனந்தேல் என்பவர், சிலிகாவின் உயிர்களை ஊன்றி ஆராய்ந்தவர். பர்குடாத் தீவின் நெகிழ்ந்த மண்ணுக்குள் வாழும் விந்தையான அரணை ஒன்றை அவர் 1917ஆம் ஆண்டு விவரித்தார். நாம் அறிந்த அரணைக்கு நான்கு கால்கள் உண்டு. இதற்கோ ஒரு காலும் இல்லை. பார்த்தவர் மண்புழு என்றோ பாம்புக்குட்டி என்றோ எண்ணிவிடுவர். மண்ணுக்குள்ளேயே நுழைந்து திரியும் வாழ்க்கைக்குக் கால்கள் தடையாக இருந்தமையால், தலைமுறை தலைமுறையாக அவை குறுகி மறைந்துவிட்டன. இதற்கு மிக நெருங்கிய மற்றோர் இனம் தெற்கே விசாகப்பட்டினப் பகுதியில் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இந்தச் சிறு உயிர்கள் இக்கரையை நம்பியே இருக்கின்றன.

உப்பின் படிக்கட்டு கலைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலிகாவே சான்று. கடற்கரை மணல் நகர்ந்து நகர்ந்து ஏரியின் வாயை மெல்ல அடைத்தது. 1990களில் கடல்நீர் உள்ளே வருவது குறைந்து, உப்பின் அளவு தாழ்ந்து, நன்னீர்க் களைகள் ஏரியெங்கும் படர்ந்தன. மீனும் இறாலும் அருகின. மீனவர் குடும்பங்கள் தவித்தன. ஆபத்துக்குள்ளான நீர்நிலைகள் என்று உலக அளவில் பேணப்படும் பட்டியலில் 1993ஆம் ஆண்டு சிலிகாவின் பெயர் ஏறிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மணல்மேட்டை வெட்டிக் கடலுக்குப் புதிய வாய் ஒன்று திறந்தார்கள். உப்பு திரும்பியது, மீன்வளம் திரும்பியது, 2002ஆம் ஆண்டு அந்தப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஏரிக்கு வேண்டியது நன்னீர் மட்டுமோ உப்பு நீர் மட்டுமோ ஆகாது, இரண்டின் அளவான கலப்பே அதன் உயிர் என்பதை ஒடிசா மக்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

சிலிகாவுக்கு வடகிழக்கே, பிராமணியும் வைதரணியும் கடல்சேரும் கேந்திரபாடா மாவட்டத்தில் பிதர்கனிகா என்னும் அலையாத்திக் காடு அமைந்திருக்கிறது. வங்கத்துச் சுந்தரவனத்தை அடுத்து இந்தியப் பெருநிலத்தில் புகழ்பெற்ற அலையாத்திக் காடு இது. நாளுக்கு இருமுறை கடலோதம் ஏறி இறங்கும் இந்தக் கால்வாய்களின் அரசன் உவர்நீர் முதலை. ஒடிய மக்கள் இதனைப் பௌலா என்று அழைக்கிறார்கள். இன்று உயிருடன் உள்ள ஊர்வனவற்றுள் இதுவே மிகப் பெரியது. முதிர்ந்த ஆண் ஆறு மீட்டர் வரையிலும் வளரக்கூடும். உப்பை வெளியேற்றுவதற்கென்றே இதன் நாக்கில் சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. பழந்தமிழ் நூல்களில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. நீரோரத்தில் வாழ்ந்த நம் முன்னோர் இவ்விலங்குகளை வேறுபடுத்தி அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொற்களே சாட்சி.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு, காடும் வெட்டப்பட்டு, 1970களில் பிதர்கனிகாவில் இந்த முதலை நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. 1975ஆம் ஆண்டு இக்காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. டாங்மால் என்னுமிடத்தில் முதலைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து வந்து, பொரிக்கச் செய்து, குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து, தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் பருவம் வந்ததும் ஆற்றில் விட்டார்கள். 2024, 2025 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை 1,800ஐத் தாண்டியது. அரை நூற்றாண்டுக்குள் ஓர் இனம் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்தது பெரிய சாதனையே ஆகும்.

ஆயினும், இந்தச் சாதனைக்கு விலை கொடுப்பவர் யார் என்று நாம் கேட்காமலிருக்கலாகாது. பிதர்கனிகாவைச் சுற்றிலும் ஆற்றங்கரைக் கிராமங்கள் நெருக்கமாக உள்ளன. அங்குள்ள பெண்கள் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஆற்றுத்துறைக்கே வரவேண்டும். ஆண்கள் மாட்டைக் குளிப்பாட்டவும் மீன் பிடிக்கவும் அதே ஆற்றில் இறங்கவேண்டும். முதலை பெருகிய பின்னர், துறையில் இறங்கிய மனிதர் திரும்பாமற்போன துயரங்கள் அங்கே மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. வனத்துறையினர் சில துறைகளில் நீருக்குள் வேலியிட்டுத் தந்திருக்கிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு உதவித் தொகை வழங்குகிறது. வேலி இல்லாத துறைகளும் உண்டு. வீட்டுக்கு வீடு குழாய்நீர் கிடைத்துவிட்டால் ஆற்றில் இறங்கவேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். முதலையைக் காப்பதற்கு ஆகும் செலவில் ஒரு குழாயும் ஒரு வேலியும் அடங்கும் என்று கொள்வதே நீதி.

அதே வேளையில் அக்கிராமங்களை அந்தக் காடு காத்ததும் உண்டு. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கேந்திரபாடா மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, கிராமத்துக்கும் கடலுக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு நின்ற இடங்களில் உயிரிழப்புக் குறைவாக இருந்ததைக் கணக்கிட்டுக் காட்டியது. முதலைக்கு அஞ்சிக் கோடாரி உள்ளே நுழையாத காடே புயலைத் தடுக்கும் சுவராக நின்றது என்று அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வதில் பொருள் இல்லாமலில்லை.

இக்காட்டில் நீர் உடும்பும் உண்டு. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வளரும் இந்த உடும்பு முதலையின் முட்டையைத் தோண்டித் தின்பது. கருநாகம் என்று நாம் அழைக்கும் இராஜநாகமும் இங்கே வாழ்கிறது. பாம்புகளுள் இலைச் சருகைக் கூட்டிக் கூடு கட்டி, முட்டையைக் காத்து நிற்பது இது ஒன்றே.

பாம்பைச் சொன்னவுடன் பாம்புக் கடியையும் சொல்லவேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான காலத்தில், சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒடிசா மாநிலம் 2015ஆம் ஆண்டில் பாம்புக் கடியை மாநிலப் பேரிடர்களின் பட்டியலிலேயே சேர்த்தது. இங்கே தமிழ்நாட்டுக்கும் இக்கரைக்கும் நேரான உறவு ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் மருத்துவமனைகளில் பயன்படும் நச்சு முறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே நெடுங்காலமாக அளித்து வந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சங்கம் அது. ஒடிசாவில் வயலில் கடிபட்ட உழவர் ஒருவர் பிழைத்தெழும்போது, செங்கற்பட்டு மாவட்டத்து இருளரின் உழைப்பும் அதில் கலந்திருக்கக்கூடும்.

அம்மருந்துக்கும் எல்லை உண்டு. அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை வைத்துச் செய்யப்படுவது. இராஜநாகத்தின் நஞ்சுக்கும் கடல்பாம்பின் நஞ்சுக்கும் அது ஏற்ற முறிவாகாது. ஒடிசா, வங்கக் கரைகளில் படத்தில் ஒற்றை வட்டம் உடைய நாகம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு நல்ல பாம்பின் படத்திலோ மூக்குக் கண்ணாடி போன்ற குறி இருக்கும். இரண்டின் நஞ்சும் முற்றும் ஒன்றாகாது. ஆகவே அந்தந்த வட்டாரத்துப் பாம்பின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்யவேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடிபட்ட இடத்தைக் கீறாமலும், வாயால் உறிஞ்சாமலும், கயிற்றால் இறுக்கிக் கட்டாமலும், கடிபட்டவரை அசையவிடாமல் கிடத்தி, மந்திரத்துக்கோ பச்சிலைக்கோ பொழுதை வீணாக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். புதிய ஊரில் குடியேறுகிறவர்கள், நச்சு முறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது என்று முன்னரே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

படிக்கட்டின் கடைசிப் படி கடல். அங்கே கடல்பாம்புகள் துடுப்புப் போன்ற தட்டையான வாலால் நீந்துகின்றன. அவற்றோடு ஆமைகளும் வாழ்கின்றன. ஒடிசாக் கரைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது சிற்றாமை. மாசி, பங்குனி மாதங்களில் கரையேறி முட்டையிடுவதால் நம் கடற்கரை ஊர்களில் இதனைப் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். முதிர்ந்த ஆமை சுமார் 40 கிலோகிராம் எடையிருக்கும். இரவில் கரையேறி, மணலைப் பின்கால்களால் தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். முட்டையிடும் வேளையில் அதன் கண்களில் நீர் வழிவதைப் பார்த்து, தாய் அழுகிறது என்பார்கள். அது உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர். குட்டி ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் பெண் குஞ்சுகள் மிகும். தாழ்ந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். உலகம் சூடேறி வரும் இந்நாளில் இது கவலைக்குரிய செய்தி.

இக்கரையில் ஆமைகள் ஒன்றிரண்டாக வருவதோடு நில்லாமல், சில இரவுகளில் இலட்சக்கணக்கில் திரண்டு வருகின்றன. ககிர்மாதாக் கரையின் இந்த அதிசயத்தை 1974ஆம் ஆண்டு அறிவியல் உலகம் அறிந்தது. தேவி ஆற்று முகத்துவாரம் 1981இலும், ருஷிகுல்யா முகத்துவாரம் 1994இலும் இவ்வரிசையில் சேர்ந்தன. 2025ஆம் ஆண்டு ருஷிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிட்டனர். சில ஆண்டுகளில் கூட்டம் வராமலே போவதும் உண்டு.

1970களின் நடுப்பகுதி வரை இந்த முட்டைகளை உரிமம் பெற்றே படகு படகாக எடுத்துச் சென்றார்கள். ஆமைகளும் பிடிக்கப்பட்டு, இரயிலேறிக் கொல்கத்தாச் சந்தைக்குப் போயின. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த கண்காணிப்பும் அந்த வாணிகத்தை ஒடுக்கின. 1997இல் ககிர்மாதாக் கடற்பகுதி சரணாலயமாயிற்று. அதற்கு அண்மையில் உள்ள ஏவுகணைத் தளமான வீலர் தீவுக்கு 2015ஆம் ஆண்டு அப்துல் கலாம் தீவு என்று பெயர் சூட்டினார்கள். இராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்தவரின் பெயர் தாங்கிய அத்தீவில், ஆமை வரும் பருவத்தில் விளக்கொளியைக் குறைக்கிறார்கள். நட்சத்திர ஒளியும் அலையின் மினுக்கமும் காட்டும் திசையில் கடலை நோக்கி ஓடவேண்டிய குஞ்சுகள், மின்விளக்கைக் கண்டால் வழி தவறிக் கரைப்பக்கம் ஓடி மாண்டுபோகும் என்பதே காரணம்.

இன்று ஆமைக்குப் பெரும் பகை இழுவலை. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. நீருக்கு மேலே வந்தாலன்றி அதற்கு மூச்சில்லை. வலையில் சிக்கினால் மூச்சடைத்து மாளும். ஆகவே ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மே 31 வரை தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை அடுத்த கடலில், கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவுக்கு மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. ஏழு மாதம் என்பது ஏழை மீனவனுக்கு நீண்ட காலம். கஞ்சம் மாவட்டக் கரையில் வாழும் நோலியா மீனவர்கள் தெலுங்கு பேசுபவர்கள். நம்மைப் போலவே தாய்மொழி வேறான மண்ணில் வேரூன்றியவர்கள். ஆமையைத் திருமாலின் கூர்ம அவதாரமாக எண்ணி வணங்குபவர்களும் அவர்களே. ருஷிகுல்யாக் கரையில் குஞ்சு பொரிக்கும் இரவுகளில், வழி தவறிய குஞ்சுகளைக் கூடையில் அள்ளிக் கடலில் விடுபவர்கள் அவ்வூர் இளைஞர்கள்தாம். தடைக்காலத்துக்கு அரசு தரும் உதவித் தொகை காலத்தில், குறைவின்றி, அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். காவலனின் அடுப்பு அணைந்துவிட்டால் காவல் நீடிக்காது.

நமக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்கலாம். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் ககிர்மாதாவில் ஓர் ஆமையின் துடுப்பில் 03233 என்னும் எண் பொறித்த தகட்டை இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் பொருத்திவிட்டனர். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அதே ஆமை மகாராஷ்டிரத்தில், இரத்தினகிரி மாவட்டத்துக் குகாகர் கடற்கரையில் கரையேறி முட்டையிட்டது. கிழக்குக் கடலிலிருந்து தென்முனையைச் சுற்றி மேற்குக் கடலுக்கு, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அதற்கு ஒடிசாவும் தமிழ்நாடும் கேரளமும் மகாராஷ்டிரமும் ஒரே நீர். அதே ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றாமைகள் இறந்து ஒதுங்கின. பெரும்பாலானவை இழுவலையில் சிக்கி மாண்டவை என்று கருதப்பட்டது. ஒரு மாநிலம் ஏழு மாதம் காத்தும், அடுத்த மாநிலத்தின் கடலில் வலை திறந்திருந்தால் அந்தக் காவல் பாதியில் நின்றுவிடுகிறது. ஆமை தப்பிச் செல்ல வாயில் வைத்த வலைகள் இருக்கின்றன. அவ்வாயிலின் வழியே மீனும் சிறிது போய்விடும் என்பதால் படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்தச் சிறிய நட்டத்தை அவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு, மலிவு விலையில் இறால் வாங்கி உண்ணும் நாம் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மழை பெய்த அன்றிரவு பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வாருங்கள். கத்துவது தவளையா தேரையா என்று கேளுங்கள். சுவரில் ஓடுவது பல்லி, புதரில் ஓடுவது ஓணான், மண்ணில் வழுக்கி ஓடுவது அரணை என்று நம் மொழியிலும், அண்டை வீட்டாரிடம் கேட்டு அவர்கள் மொழியிலும் பெயர் சொல்லிக் கொடுங்கள். குடியேறிய ஊரின் உயிர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அவ்வூரின் ஆறும் ஏரியும் அயலார் சொத்தாகத் தோன்றுவதில்லை. வண்டல் சுமந்துவரும் ஆறும், அடைபடாத முகத்துவாரமும், வெட்டப்படாத காடும் தன்னுடைய பொறுப்பே என்ற எண்ணம் அதற்குத் தானே வரும்.